அசையாத ஈட்டிக்காரன்

"ஈட்டிக்காரன் சும்மா நிக்கிறான், மேடம்."

"அதைத்தான் பார்க்கச் சொன்னேன், உதவி."

என் பெயர் உதவி இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று இங்கே எனக்கு என்ன வேலை என்று கேட்டேன். "உதவி" என்றார் மேடம். அதற்குப் பிறகு அவர் என் பெயரைக் கேட்கவே இல்லை. காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டுப் பிரிவில் பல வருடம் குப்பை கொட்டியவர் மேடம். எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் திருடுபோனதாகச் சொல்லப்பட்ட கார்களையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தார். பொய் அதேதான். முதலாளிதான் இல்லை.

அன்று காலை நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு வீடியோ கேம் கம்பெனியின் இரண்டாவது மாடியில். எதிரே இருந்த திரையில் ஒரு ஆறு, நடுவே ஒரு பாலம். இந்தக் கரையில் நீலப் படை, அந்தக் கரையில் சிவப்புப் படை. பாலத்தின் மேல் நீல உடுப்புப் போட்ட ஒரு ஈட்டிக்காரன், பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல நின்றுகொண்டிருந்தான்.

ஆட்டத்தை எங்களுக்கு ஓட்டிக் காட்டிய பெண்ணை அங்கே எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேமை விளையாடி, அதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. பெரும்பாலும் திட்டுத்தான் கிடைக்கும் என்றாள்.

வழக்கு இதுதான். இந்தக் கம்பெனியை நடத்துபவர்கள் இரண்டு பேர். ஒருவர், போர் விதிகளையெல்லாம் யோசிக்கும் வடிவமைப்பாளர். இன்னொருவர், வெளியே போய் கேமை விற்கும் அவருடைய மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. போன வாரம் ஒரு மதியம், கட்டிடத்தின் பின்பக்க மாடிப்படியில் வடிவமைப்பாளர் உருண்டு விழுந்து கிடந்தார். ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. கைப்பேசி மூன்று துண்டாகக் கிடந்தது. தலையில் பலத்த அடி. வீக்கம் வற்றும் வரைக்கும் டாக்டர்கள் அவரை மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

போலீஸ், கால் இடறி விழுந்தார் என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. ஆனால் கம்பெனியில் வேறு மாதிரி பேசிக்கொண்டார்கள். அன்று காலை அவரும் மைத்துனரும் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று வடிவமைப்பாளர் கத்தியது வரவேற்பறை வரைக்கும் கேட்டிருக்கிறது.

எங்களிடம் வந்தது வடிவமைப்பாளரின் மனைவி. பள்ளியில் வேதியியல் டீச்சர். அழவில்லை. மேசையில் இருந்த எங்கள் பேனாக்களை உயரவாரியாக அடுக்கிக்கொண்டே பேசினார்.

"எனக்கு இருக்கிறது ஒரே ஒரு தம்பி. அம்மா போனதுக்கப்புறம் நான்தான் வளர்த்தேன். அவன்தான் தள்ளினான்னு ஊரெல்லாம் பேசுது. அவன் இல்லன்னா அதைச் சொல்லுங்க. அவன்தான்னா அதையும் என்கிட்டயே சொல்லுங்க. வேற யார் வாயிலயும் நான் கேட்கக் கூடாது."

"உங்க தம்பி என்ன சொல்றார்?" என்று கேட்டார் மேடம்.

"அந்த நேரத்துல அவன் ரூம்ல உக்காந்து கேம் ஆடிட்டிருந்தேங்கிறான். தினமும் மதியம் ஒரு சோதனை ஆட்டம் உண்டு. இவன் மூணாவது மாடியில, அந்தப் பொண்ணு ரெண்டாவது மாடியில. சத்தம் கேட்டுத்தான் எழுந்து ஓடினேங்கிறான்."

"ஆஸ்பத்திரிக்கு உங்களுக்கு முன்னாடியே வந்துட்டாரா?"

"எனக்கு முன்னாடியா? ஆம்புலன்ஸுக்கே முன்னாடி. வண்டி உள்ள நுழையும்போது வாசல்ல நின்னுட்டிருந்தானாம். அந்த டிரைவர் சொன்னார்."

மேடம், டீச்சர் அடுக்கிய பேனாக்களில் ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். அவர் யோசிக்கிறார் என்பதற்கு இதைவிடப் பெரிய அடையாளம் எதையும் இதுவரை நான் பார்த்ததில்லை.

ஆக, தம்பியின் கதை நிற்பதும் விழுவதும் இந்த ஆட்டத்தில்தான் இருந்தது. கம்பெனியில் ஒவ்வொரு ஆட்டமும் அப்படியே பதிவாகிறது. அதைத்தான் பூதக்கண்ணாடி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சிவப்பு நான். நீலம் அவர்" என்றாள். "ஒரு தடவை நான் ஆடணும், ஒரு தடவை அவர் ஆடணும். நம்ம முறை வரும்போது ஒவ்வொரு ஆளையும் நகர்த்தலாம், பக்கத்துல எதிரி இருந்தா அடிக்கலாம். அடி வாங்கினவன் உயிரோட இருந்தா திருப்பி அடிப்பான்."

"நியாயம்தானே" என்றேன்.

"ஆனா மிச்சம் இருக்கிற உயிருக்குத் தக்கதான் அடியும் விழும். பாதி உயிரோட இருக்கிறவன் பாதி அடிதான் அடிப்பான். அதனால முந்தி அடிக்கிறவனுக்குத்தான் லாபம். இந்தக் கேம்ல யாரும் சும்மா நிக்க மாட்டாங்க. பாய்ஞ்சுக்கிட்டே இருக்கணும்."

"இவன் நிக்கிறானே?"

"அதாங்க கோபம்." அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். அவளுடைய சிவப்புக் குதிரைக்காரன் பாலத்தில் பாய்ந்தான். முந்தி அடிக்க வேண்டியது குதிரைக்காரன். ஆனால் அவன் கையை ஓங்குவதற்குள் ஈட்டிக்காரன் ஒரே குத்து. குதிரை போச்சு. "பாருங்க. நான்தான் பாயறேன், அவன் முதல்ல குத்தறான். ஓட்டைன்னு நினைச்சேன். இன்னொரு குதிரையை அனுப்பினேன், அதுவும் போச்சு. மூணாவது குதிரையைச் சந்தேகத்தைத் தீர்த்துக்க அனுப்பினேன்."

"தீர்ந்துதா?"

"குதிரைதான் தீர்ந்துது."

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"ஓட்டை இல்லையா அது?" என்று கேட்டார் மேடம்.

"இல்ல மேடம். அப்புறம் உள்ள போய்ப் பார்த்தேன். அது புது விதி. ஒரு முறை முழுக்க நகராம, யாரையும் அடிக்காம நின்னா அந்த ஆள் காலை ஊன்றிக்கிறான். அதுக்கப்புறம் அவன் மேல யார் பாய்ஞ்சாலும் முதல் அடி அவனோடது. அன்னிக்குக் காலையிலதான் சார் உள்ள சேர்த்திருக்கார். யார்கிட்டயும் சொல்லல. அவருக்கு அது ஒரு விளையாட்டு. எதையாவது நைசா உள்ள போட்டுட்டு, நான் எப்பக் கண்டுபிடிக்கிறேன்னு பார்ப்பார்."

"மைத்துனருக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"மச்சான்கிட்ட சொல்லிருப்பார். வேற எப்படி?"

"ஆட்டம் எப்படி முடிஞ்சுது?"

"முடியல. இன்னும் ரெண்டு முறை போயிருந்தா என் ராஜா காலி. நான் ஆடிட்டு உக்காந்திருக்கேன். அவர் முறை. ஆள் ஆடவே இல்ல. அப்புறம் பின்னாடி படியில சத்தம் கேட்டுது."

மேடம் நிமிர்ந்தார். "முதல்ல ஆட்டம் நின்னுதா, இல்ல முதல்ல சத்தம் கேட்டுதா?"

அவள் யோசித்தாள். "ஆட்டம்தான். ஆடலையே, டீ குடிக்கப் போயிட்டாரோன்னு நினைச்சேன். அப்புறம்தான் சத்தம்."

சத்தம் கேட்டு எழுந்தேன் என்றவர், சத்தத்துக்கு முன்பே ஆடுவதை நிறுத்தியிருக்கிறார். நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் என்னைப் பார்த்து, "உங்களுக்கு இந்தக் கேம் ஆடத் தெரியுமா, உதவி?" என்றார்.

"தெரியாது மேடம்."

"நல்லது. வாங்க."

மூன்றாவது மாடியில் மைத்துனரின் அறை. அறைக்குப் பக்கத்திலேயே பின்பக்கப் படிக்கட்டு. அவருக்கு முப்பது வயதிருக்கும். சவரம் செய்யாத முகம். கண்கள் உள்ளே போயிருந்தன. தூங்காத மனுஷன் என்று பார்த்தவுடன் தெரிந்தது. இவர்தான் குற்றவாளி என்று முடிவு செய்வதற்கு எனக்கு அது போதும். ஆனால் தூங்காதவர்களையெல்லாம் பிடித்து உள்ளே வைத்தால் ஆஸ்பத்திரி நர்ஸுகள்தான் முதலில் மாட்டுவார்கள் என்று மேடம் முன்பே சொல்லியிருக்கிறார்.

"ஒரு உதவி பண்ணுங்க" என்றார் மேடம். "எனக்கு இந்தக் கேம் ஒண்ணும் புரியல. இவரோட ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்களேன்."

"இப்பவா?"

"அஞ்சு நிமிஷம்."

மறுக்கத் தெம்பில்லாமல் ஒத்துக்கொண்டார். அதே ஆறு, அதே பாலம். இந்தத் தடவை நீலம் நான், சிவப்பு அவர். வரும் வழியில் மேடம் என் காதில் ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார்: ஈட்டிக்காரனைப் பாலத்தில் கொண்டுபோய் நிறுத்து, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கட்டளைகளில் நான் முழுமையாக நிறைவேற்றியது அது ஒன்றுதான்.

"ஆடுங்க" என்றார் மைத்துனர்.

"ஆடிட்டேன்."

"நகர்த்தவே இல்லையே?"

"யோசிச்சுத்தான் நகர்த்தல."

என்மேல் பரிதாபப்பட்டது அவர் முகத்தில் தெரிந்தது. குதிரைக்காரனைப் பாலத்தில் பாயவிட்டார். என் ஈட்டிக்காரன் ஒரே குத்து. குதிரை போச்சு.

மைத்துனர் திரைக்கு அருகில் குனிந்தார். "என்ன இது? நான்தானே அடிச்சேன்?" பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் குதிரை செத்தது. "இது எப்ப வந்தது? அத்தான் சொல்லவே இல்லையே."

அவர் திரும்பி மேடத்தைப் பார்த்தார்.

"இதே மாதிரி போன வாரம் நீங்க மூணு குதிரையைக் குத்தியிருக்கீங்க" என்றார் மேடம், சாப்பிட்டாச்சா என்று கேட்கும் குரலில்.

மைத்துனரின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அக்கா தனியா இருப்பாங்க." சட்டைப் பையைத் தடவிச் சாவியை எடுத்துக்கொண்டு, பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார்.

"விட்டுட்டீங்களே மேடம்" என்றேன். "ஆடினது அவர் இல்ல. ஆட்டத்தை வேற யாரோ ஆடிட்டிருந்தாங்க, இவர் படியில நின்னு அத்தானைத் தள்ளிட்டார். முடிஞ்சுது. டீச்சர்கிட்ட எப்படிச் சொல்றதுங்கிறதுதான் பாக்கி."

"அந்த வேற யாரோ யார், உதவி?"

"கூட்டாளி."

"காலை ஊன்றத் தெரிஞ்ச கூட்டாளியா?"

நான் திரையில் நின்ற ஈட்டிக்காரனைப் பார்த்தேன்.

"அந்த விதி அன்னிக்கு ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்" என்றார் மேடம். "அவர் மச்சானுக்குச் சொல்லல, அதை இப்பத்தான் பார்த்தோம். அந்தப் பொண்ணுக்கும் சொல்லல. நீலப் படையை ஆடினது அதைக் கண்டுபிடிச்சவரேதான். விழுந்தவர்தான் ஆடிட்டிருந்தார்."

"சொந்த ரூமை விட்டுட்டு மச்சான் ரூம்ல எதுக்கு?"

"மச்சான் ரூம்ல மச்சான் இருக்கார்னு எல்லாரும் நினைக்கிறதுக்கு. கதவைச் சாத்திட்டு ஆடினா யாருக்குத் தெரியும்? கீழே போய் வரவேற்புல கேட்டுட்டு வாங்க, அன்னிக்கு மதியம் அந்த வடிவமைப்பாளர் எங்கே போறதாச் சொல்லிட்டுப் போனார்னு."

வரவேற்பில் இருந்த அம்மா, டீச்சரோடு கல்லூரியில் படித்தவர். நான் கேட்ட ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் சொன்னார். அதில் ஒன்று உபயோகமானது. சார் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டு முன்வாசல் வழியாக வெளியே போயிருக்கிறார். திரும்பி வந்ததை அவர் பார்க்கவில்லை. மைத்துனர் வெளியே போனதையும் பார்க்கவில்லை. "இங்க ஒருத்தர் தும்மினாக்கூட எனக்குத் தெரிஞ்சிடும்" என்றார். தும்மல் டீச்சர் வீடு வரைக்கும் போய்விடும் என்றும் எனக்குப் புரிந்தது.

"ஆக ரெண்டு பேரும் பின்பக்கப் படி" என்றேன் மேடத்திடம். "ஒருத்தர் அந்த வழியா நழுவறார், இன்னொருத்தர் அந்த வழியா உள்ள வந்து அவருக்குப் பதிலா ஆடறார். ஆனா ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுட்டு எதுக்கு எழுந்தார்?"

"அவர் கைப்பேசி எங்க கிடந்தது?"

"படியில. மூணு துண்டா."

"பையில இருந்தா அப்படி உடையாது. கையில இருந்திருக்கு. யாரோ கூப்பிட்டிருக்காங்க. அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு ஓடியிருக்கார். வார் அறுந்திருக்கு." மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டார். "ஆஸ்பத்திரியில ஆம்புலன்ஸுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து நிக்கிறார்னா என்ன அர்த்தம், உதவி?"

"ரொம்ப வேகமா வண்டி ஓட்டுவார்."

"ஏற்கெனவே அங்கதான் இருந்தார்."

ஆஸ்பத்திரியின் ஐந்தாவது மாடியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. டீச்சர் அதில் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தார். சிவப்புப் பேனா கையில் இருந்தது. ஆனால் எதையும் திருத்தவில்லை. பக்கத்தில் தம்பி, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு. எங்களைப் பார்த்ததும் அவர் எழுந்தார்.

"தனியாப் பேசணுமா?" என்றார் மேடம் அவரிடம்.

"என் முன்னாடி பேசுங்க" என்றார் டீச்சர். "அப்படித்தானே சொல்லியிருக்கேன்."

மேடம் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "உங்க தம்பி தள்ளல. அவர் அந்தக் கட்டிடத்துலயே இல்ல. உங்க வீட்டுக்காரர்தான் இவர் ரூம்ல உக்காந்து இவருக்குப் பதிலா ஆடிட்டிருந்தார். இவர் வெளியே போனது உங்க காதுக்கு வரக் கூடாதுன்னு. இவர் எங்க போனார்னு நான் சொல்றதைவிட இவர் சொல்றது நல்லது."

டீச்சர் தம்பியைப் பார்த்தார். வகுப்பில் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும் பார்வை அது.

"எங்கடா போன?"

தம்பி சுவரைப் பார்த்தார். "இங்கதான்."

"இங்கேன்னா?"

"இந்த ஆஸ்பத்திரிக்கு. அப்பாவைப் பார்க்க."

டீச்சர் கையிலிருந்த பேனாவின் மூடியை மெதுவாக மூடினார்.

"நமக்கு ஏதுடா அப்பா?" என்றார். மேடத்திடம் திரும்பி, விலாசம் சொல்வது போலச் சொன்னார்: "வேற குடும்பம் வெச்சுக்கிட்டுப் போன மனுஷன். அம்மா செத்ததுக்குக்கூட வரல. நான் தலை முழுகி எத்தனையோ வருஷம் ஆச்சு."

"அந்தக் குடும்பமும் இப்ப இல்லக்கா" என்றார் தம்பி. "தனியாக் கிடந்தார். யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்காங்க. அவர் கொடுத்த நம்பர் என்னோடது. உன்கிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல. அத்தான்கிட்ட சொன்னேன். மறைக்காதே, சொல்லிடுன்னார். காலையில அதுக்குத்தான் சண்டை. நீ சொல்றியா நான் சொல்லட்டுமான்னு கத்தினார். ஒரு நாள் டைம் கொடுங்க அத்தான்னு கெஞ்சினேன். சரி, போய்ப் பார்த்துட்டு வா, ஆட்டத்தை நான் பார்த்துக்கிறேன்னார்."

"அப்புறம்?"

"நான் வந்து உக்காந்த கொஞ்ச நேரத்துல அப்பாவுக்கு மூச்சுத் திணறிடுச்சு. டாக்டர் ஓடி வந்தார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அத்தானுக்கு போன் பண்ணேன். அக்காவைக் கூட்டிட்டு வந்துடுங்க, இனிமே நேரம் இல்லன்னு சொன்னேன்." அவர் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினார். "இதோ போறேன்னார். அவ்வளவுதான். உன் ஸ்கூலுக்குத்தான் ஓடியிருக்கார். படியில கடகடன்னு சத்தம். லைன் கட் ஆயிடுச்சு. ஆபீசுக்கு போன் பண்ணி, யாருன்னு சொல்லாம, பின்பக்கம் போய்ப் பாருங்க, இந்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன். கீழே இறங்கி வாசல்ல நின்னேன். நான் போன் பண்ணாம இருந்திருந்தா அவர் எழுந்திருக்கவே மாட்டார்க்கா. ஜெயிச்சிட்டிருந்தார்."

டீச்சர் எழுந்து கண்ணாடிக் கதவுக்கு அருகில் போனார். உள்ளே குழாய்களுக்கு நடுவே கணவர் படுத்திருந்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்து தெரிந்தது. டீச்சர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தேன். மேடம் என் காலை மிதித்தார்.

"இவருக்கு ஓடவே வராது" என்றார் டீச்சர், கண்ணாடியைப் பார்த்தபடியே. "பஸ் போனாலும் அடுத்த பஸ்ல வரலாம்னு நிப்பார்."

கண்ணாடியில் படிந்த தன் மூச்சை விரலால் துடைத்தார்.

"இருக்காரா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி கணவரைப் பற்றியது இல்லை என்று தம்பிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இருக்கார். அன்னிக்குப் பிழைச்சுக்கிட்டார். பேச்சு ரொம்பக் குறைஞ்சுபோச்சு. கதவையே பார்த்துட்டுப் படுத்திருக்கார்."

"எந்த மாடி?"

"மூணு."

"மூணாவது மாடியா?" டீச்சர் திரும்பினார். "ஒரு வாரமா லிஃப்ட்ல மேலயும் கீழயும் போயிட்டிருக்கேனே. அங்க நிக்கும்போதெல்லாம் நர்ஸ் ஏறுவாங்க, தள்ளுவண்டி ஏறும். ஓரமா ஒதுங்கி இடம் விட்டிருக்கேன்." மேலே சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டார். விடைத்தாள் கட்டைப் பெஞ்சின் மேல் நேராக வைத்தார். புடவைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்.

தம்பி கூடவே கிளம்பினார்.

"நீ வராதே" என்றார் டீச்சர். "அத்தான் பக்கத்துல இரு. முழிக்கும்போது நம்ம ஆள் ஒருத்தர் கண்ணுக்குத் தெரியணும்." இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்தார். தம்பியின் கலைந்த தலைமுடியை ஒரு கையால் படிய வாரிவிட்டார். "சவரம் பண்ணிக்கோ. பார்த்தா பயந்துடுவார்."

லிஃப்ட் வந்தது. டீச்சர் உள்ளே போனார். கதவு மூடியது. நானும் மேடமும் இறங்க வேண்டும்தான். ஆனால் அவரோடு ஏற எங்களுக்குத் தோன்றவில்லை. கதவுக்கு மேலே எண்கள் மாறின. நான்கு. மூன்று. அங்கேயே நின்றது.

"இறங்குவாங்களா மேடம்? இல்ல, கதவு திறந்ததும் பார்த்துட்டு அப்படியே கீழே போயிடுவாங்களா?"

"ஊகம் பண்றதுக்கு எனக்கு யாரும் சம்பளம் தரலை, உதவி" என்றார் மேடம். ஆனால் அவர் கண்ணும் அந்த எண்ணின் மேல்தான் இருந்தது.

மூன்று அப்படியே இருந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். நான்கு. ஐந்து. கதவு திறந்தது.

லிஃப்ட் காலியாக இருந்தது.